ஆட்டத்தைச் சொல்லும் குரல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிட்னியின் மேற்குப் பகுதியில், வென்ட்வொர்த்வில்லில், பதினான்கு ஆண்டுகளாக வசிக்கிறேன். கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் பார்த்தறியாத எனக்கு, பக்கத்திலுள்ள பரமட்டாவின் ஈல்ஸ் அணி வழியாக ரக்பி லீக் பழக்கமாயிற்று. மார்ச்சில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை இரவுகள் அதற்கே உரியவை. ஆனால் தொலைக்காட்சி வர்ணனையைத்தான் சகிக்க முடியவில்லை. மூன்று நான்கு பேர் உட்கார்ந்து, தாங்கள் விளையாடிய காலத்துக் கதைகளைப் பேசிச் சிரித்துக்கொள்கிறார்கள். ட்ரை விழுந்தால், அதாவது ஒருவர் எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துவிட்டால், எல்லோரும் ஒன்றாகக் கத்துகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் அம்மா, போன வாரம் என்னோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏன் மோனை, பிடிபட்டவன் பந்தைக் கீழ வைச்சுக் காலால பின்னுக்கு உருட்டுறான்?" என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. இப்போதெல்லாம் ஒலியை அடைத்துவிட்டுத்தான் பார்க்கிறேன். முன்பெல்லாம் வர்ணனை இப்படி இருக்கவில்லை என்று அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள். நீங்கள் இங்கிலாந்தில் இந்த ஆட்டத்தைப் பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்: அது உண்மையா?

அன்புடன்,
சிவா

அன்புள்ள சிவா,

உங்கள் கடிதத்தில் மிக நல்ல கேள்வி அம்மாவுடையது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஒலியை அடைத்துவிட்டுப் பார்ப்பதற்கு நீங்கள் வருந்த வேண்டியதில்லை; நீங்கள் இருக்கும் நாட்டில் அது ஏறக்குறைய ஒரு மரபு. ராய், எச்.ஜி. என்ற பெயர்களில் இரண்டு நகைச்சுவையாளர்கள் நியூ சவுத் வேல்ஸும் குவீன்ஸ்லாந்தும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆட்டங்களுக்கு டிரிபிள் ஜே வானொலியில் கேலி வர்ணனை செய்துவந்தபோது, படத்தைத் தொலைக்காட்சியில் வைத்துக்கொண்டு குரலை வானொலியில் கேட்ட வீடுகள் ஏராளம். வீரர்களுக்கு அவர்களாகவே பட்டப்பெயர் சூட்டி, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிய அந்த இருவரையும், முறையான வர்ணனையாளர்களை விட்டுவிட்டு மக்கள் விரும்பிக் கேட்டார்கள் என்பதை அன்றைய தொலைக்காட்சிக்காரர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஆனால் "முன்பெல்லாம் இப்படி இல்லை" என்ற பேச்சை நான் அப்படியே ஏற்க மாட்டேன். நான் லீட்ஸில் வேலை பார்த்த மூன்று ஆண்டுகளில் என்னை ஹெடிங்லி மைதானத்துக்கு அழைத்துச் சென்ற முதியவர் ஒருவர், எடி வேரிங் என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார். வேரிங் 1950-களிலிருந்து 1981 வரை பிபிசியில் ரக்பி லீக்கின் குரலாக இருந்தவர். யார்க்ஷரின் டியூஸ்பரி ஊர்க்காரர். வெளியேற்றப்பட்ட ஆட்டக்காரரை 'சீக்கிரமே குளிக்கப் போகிறார்' என்று அவர் வழியனுப்பியது நாடு முழுவதும் சொல்லிச் சிரிக்கும் தொடராகியது. லண்டனில் அவரை ரசித்தார்கள். அவருடைய சொந்த வடக்கிலோ, சுரங்கத்திலும் ஆலையிலும் உழைப்பவர்களின் ஆட்டத்தைக் கோமாளிக்கூத்தாக்கிவிட்டார் என்ற ஆத்திரம் இருந்தது; அவரை நீக்கக் கோரி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு 1970-களில் பிபிசிக்கே போயிற்று. இன்று அதே வடக்கில் அவரை நினைத்து உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் நண்பர்களின் ஏக்கத்தையும் நான் இந்தக் கணக்கில்தான் வைப்பேன்.

எனினும் வேரிங்கிடம் ஒன்று இருந்தது. 1968 மே மாதம், வெம்ப்லியில் சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம். மழையில் மைதானமே குளமாகிக் கிடந்தது. கடைசி நிமிடத்தில் வேக்ஃபீல்ட் ட்ரினிட்டி அணி ட்ரை வைத்து, லீட்ஸுக்கு ஒரு புள்ளி மட்டும் பின்தங்கி நின்றது. ட்ரைக்குப் பிறகு கிடைக்கும் உதையில், கம்பங்களுக்கு நேர் எதிரே பந்தை வைத்து டான் ஃபாக்ஸ் உள்ளே உதைத்தால் கோப்பை. பள்ளிச் சிறுவனும் தவறவிடாத தூரம். பந்து விலகிப் போயிற்று, ஆட்டம் 11–10 என்று முடிந்தது. ஃபாக்ஸ் சேற்றில் அப்படியே விழுந்தபோது வேரிங் சொன்னது, தவறிவிட்டது என்பதையும், 'பாவம் பிள்ளை' என்பதையும் மட்டும்தான். புள்ளிவிவரமோ, அவர் எப்படி உதைத்திருக்க வேண்டும் என்ற பாடமோ அங்கே வரவில்லை. அன்றைய ஆட்டத்தின் சிறந்த வீரராக ஃபாக்ஸ் ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார் என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தப் 'பாவம் பிள்ளை' இன்னும் கனமாகக் கேட்கும்.

அடுத்து, கத்துவதுதான் குற்றம் என்கிறீர்கள். அங்கேயும் நான் உங்களிடமிருந்து சற்று விலகுகிறேன். 2000 செப்டம்பரில் செயின்ட் ஹெலன்ஸ் அணி பிராட்ஃபோர்டுடன் ஆடிய பிளே-ஆஃப் ஆட்டத்தின் கடைசிக் காட்சியைத் தேடிப் பாருங்கள். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். செயின்ட் ஹெலன்ஸ் 10–11 என்று பின்தங்கியிருக்கிறது, நேரம் முடிந்தாயிற்று, பந்து கீழே விழுந்தால் எல்லாம் போயிற்று. ஸ்கை தொலைக்காட்சியில் எடி ஹெம்மிங்ஸ் அதைச் சொல்கிறார். லாங், ஐரோ, ஹால், ஹோப்பே, மறுபடியும் ஹால், ஜாங்கர்ஸ், திரும்பவும் லாங், பிறகு வெஸ்ட், கடைசியாக ஜாயின்ட். மைதானத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பந்து போய்க்கொண்டே இருக்கிறது, அவர் குரலும் ஏறிக்கொண்டே இருக்கிறது, இறுதியில் கத்தவே செய்கிறார். ஆனால் பந்து எந்தக் கைக்குப் போகிறதோ அந்தக் கையின் பெயர் ஒவ்வொரு முறையும் பந்தோடு சேர்ந்தே போய்ச் சேர்ந்துவிடுகிறது. 'வெஸ்டுக்குப் போகிறது' என்ற பொருளில் அவர் இரண்டு முறை சொன்ன 'வைட் டு வெஸ்ட்' என்ற தொடர்தான் இன்றும் அந்த ட்ரைக்கே பெயராக நிற்கிறது. பெயர்களைச் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் முடிவில் கத்தினால் அது நம் கத்தலும் ஆகிவிடுகிறது. பெயரே சொல்லாமல் கத்துகிறவரிடம், பக்கத்து வீட்டில் யாரோ சண்டை போடுவதைக் கேட்பது போலத்தான் இருக்கிறது.

இந்த ஆட்டத்தின் அமைப்பைக் கவனித்தால், வர்ணனையாளரின் வேலை என்னவென்று அதுவே சொல்லிவிடும். பந்து வைத்திருக்கும் அணி ஆறு முறை பிடிபடலாம். ஆறாவது முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. ஆகவே ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். ஒவ்வொரு டேக்கிளுக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவே சில நொடிகள் கிடைக்கின்றன. அந்தச் சில நொடிகளில் எத்தனையாவது டேக்கிள், ஓடியவர் யார், பிடித்தவர் யார் என்ற மூன்றையும் சொல்லிவிட்டு, மூச்சு விட்டுக்கொண்டு, அடுத்த ஓட்டத்துக்குத் தயாராக நிற்கத் தெரிந்தவர்தான் வர்ணனையாளர். எண் ஏற ஏற ஆட்டத்தின் அழுத்தமும் ஏறும் என்பதால், 'நான்கு' என்று தணிந்த குரலில் ஒருவர் சொன்னாலே பார்ப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். நீங்கள் சலித்துக்கொள்ளும் ஒலிபரப்புகளில் இந்தச் சில நொடிகளைத்தான் மூன்றாவது குரல் தின்றுவிடுகிறது. முன்னாள் வீரர் ஒரு நினைவைத் தொடங்குகிறார். அது முடிய மூன்று டேக்கிள் ஆகிவிடுகிறது. அதற்குள் யாரோ உதைத்துவிட்டார்கள். பெயர் சொல்ல வேண்டியவர் ஓடிவந்து பிடிக்கப் பார்க்கிறார்.

2020 முதல் உங்கள் ஊர் லீக்கில் மணி அடிக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தற்காக்கும் அணி சில விதிகளை மீறினால், ஆட்டத்தை நிறுத்தாமல் நடுவர் கையை வீசுகிறார், மணி ஒலிக்கிறது, எண்ணிக்கை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. எந்த மீறல் என்று திரையில் பார்ப்பவருக்குத் தெரியாது. பிடித்தவனை விடாமல் மேலே கிடந்தானா, பத்து மீட்டர் பின்வாங்காமல் முன்னே நின்றானா என்பதை ஒரே சொல்லில் ஒருவர் சொல்லிவிடலாம். பந்தை வீசிப் பழகிய முன்னாள் வீரருக்கு இது பார்த்தவுடன் தெரியும். அவரை அங்கே உட்கார வைத்திருப்பதே அதற்காகத்தான். அதை விட்டுவிட்டு, நடுவர் சரியா தவறா என்று ஒரு நிமிடம் தர்க்கம் செய்கிறார்கள்.

பெயர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சமோவா, டோங்கா வம்சாவளி வீரர்கள் இன்று ஆஸ்திரேலிய லீக்கில் பெருந்தொகையாக ஆடுகிறார்கள். ஃபாஅசுவாமலேஆவுயி என்ற குடும்பப் பெயர் கொண்ட வீரரை 'டீனோ' என்றே முடித்துக்கொள்வது வசதிதான், அவருக்கும் அதில் வருத்தம் இல்லாமலிருக்கலாம். ஆனால் ஒரு மாலை உட்கார்ந்து பழகினால் முழுப் பெயரும் நாவில் நின்றுவிடும். சிவசுப்பிரமணியமோ சிவபாலனோ, உங்களை அலுவலகத்தில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

இந்த வீட்டுப்பாடத்தில் ஆஸ்திரேலிய வர்ணனையாளர் ரே வாரனை மிஞ்ச ஆளில்லை என்று நினைக்கிறேன். நியூ சவுத் வேல்ஸின் ஜூனி என்ற சிற்றூரில், சிறுவனாக இருந்தபோது கோலிக்குண்டுகளை உருட்டிவிட்டு அவற்றைக் குதிரைகளாகப் பாவித்துப் பந்தய வர்ணனை சொல்லிப் பழகியவர் அவர். 2022-இல் ஓய்வு பெறும்போது 99 ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆட்டங்களைச் சொல்லி முடித்திருந்தார். 1994-இன் முதல் ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் குவீன்ஸ்லாந்தின் மார்க் காய்ன் வைத்த ட்ரைக்கு, 'இது ட்ரை இல்லை, அற்புதம்' என்று அவர் கூவியதை எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கூவலுக்கு முன், பந்து கைக்குக் கை மாறி வந்த வழியில் ஒவ்வொருவரையும் அவர் அடையாளம் காட்டிக்கொண்டே வந்ததை யாரும் சொல்வதில்லை. குதிரையோட்டிகளின் சட்டை நிறத்தை வைத்து ஓடும்போதே பெயர் சொல்லிப் பழகிய கண் அது.

பந்தயம் கட்டும் சூதாட்ட நிறுவனங்களின் விளம்பரத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆட்டம் நடக்கும்போதே யார் வெல்வார் என்பதற்கு என்ன விலை என்று வர்ணனைக்கு நடுவில் சொல்லிவந்த காலமும் அங்கே இருந்தது. 2013-இல் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு அது அடங்கியது. அதுவரை அந்தச் சில நொடிகளில் என்ன விற்றார்கள் என்பதை உங்கள் நண்பர்களிடம் ஒருமுறை நினைவூட்டுங்கள்.

இனி அம்மாவின் கேள்வி. ரக்பி லீக், 1895-இல் ஹடர்ஸ்ஃபீல்டில் பழைய ரக்பியிலிருந்து பிரிந்து வந்த ஆட்டம். ஆலை வேலையை விட்டு ஆட வருகிறவர்களுக்கு இழந்த கூலியைக் கொடுக்கலாமா என்பதுதான் அன்றைய சண்டை. ஆட்டம் பழைய விதிகளிலேயே நடந்ததால், ஒருவன் பிடிபட்டதும் எல்லோரும் ஒரே குவியலாகக் கட்டிப் புரண்டார்கள், பந்து எங்கே என்று பார்க்க வந்தவர்களுக்குத் தெரியவில்லை. காசு கொடுத்து வருகிறவர்களுக்குப் பந்து தெரிய வேண்டுமே என்று, 1906-இல் அணிக்குப் பதினைந்து பேரைப் பதின்மூன்றாகக் குறைத்தார்கள். பிடிபட்டவனை எழுந்து நிற்கவிட்டு, பந்தைத் தரையில் வைத்துக் காலால் ஆடச் செய்தார்கள். குவியலில் காலால்தானே பந்தைப் பின்னே இழுத்தார்கள். அந்தக் கால் மட்டும் மிஞ்சியது. அப்போது எண்ணிக்கை கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் பிடிபட்டுக்கொண்டே போகலாம். சிட்னியில் செயின்ட் ஜார்ஜ் அணி 1956 முதல் 1966 வரை தொடர்ந்து பதினொரு முறை வென்ற பிறகு, 1967-இல் நான்கு டேக்கிள் என்று வரம்பு வந்தது. 1971-இல் அது ஆறாயிற்று. அம்மாவுக்குக் கிளித்தட்டு தெரிந்திருக்கும். பிடிபட்டவனை எழுப்பிவிட்டு, ஆறு தடவைக்குள் கோட்டைத் தாண்டு என்று விடுகிறார்கள் என்று சொல்லுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை விரல் மடக்கி அவரே எண்ணிக்கொண்டிருப்பார்.

அன்புடன்.