நடவு இயந்திரம் வந்தாயிற்று, பயிற்சி?

அய்யா,
மன்னார்குடி பக்கம் விவசாயம் பார்க்கிறேன். எங்கள் ஊர் நடவுப் பெண்களுக்கு நடவு இயந்திரத்தில் மூன்று நாள் பயிற்சி கொடுத்து, சான்றிதழும் தந்தார்கள். ஒருவர்கூட இன்று அந்த வேலையில் இல்லை. இவர்களுக்குச் செலவழிப்பது வீண்தானோ?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வீண் என்று நான் ஒப்ப மாட்டேன். மூன்று நாள் போதாது, அவ்வளவுதான்.

இயந்திர நடவின் பாதி வெற்றி பாய் நாற்றங்காலில், அதாவது வேர் பின்னிப் பாய்போல் தூக்கி இயந்திரத்தில் வைக்கும்படி நாற்றை வளர்ப்பதில் இருக்கிறது. விதையை ஒரு நாள் ஊறவைத்து, ஒரு நாள் முளைகட்டி, பாலித்தீன் விரிப்பின்மேல் சலித்த மண்ணும் மக்கிய எருவும் கலந்து ஓர் அங்குலத்துக்குள் பரப்பி, அடர்த்தி மாறாமல் தூவ வேண்டும். திட்டுத்திட்டாக விழுந்தால் இயந்திரத்தின் விரல் வெறும் மண்ணைத்தான் கிள்ளும். வயலில் பொக்கை விழும். தூக்கும்போது பாய் அறுந்தால் வேர் இன்னும் பின்னவில்லை. 15 முதல் 18 நாளுக்குள் நட்டாக வேண்டும். வயலையும் சேறடித்த கையோடு நடக்கூடாது. நம் களிமண் இரண்டு நாளாவது படிய வேண்டும். படியாத சேற்றை இயந்திரம் தள்ளிக்கொண்டே போய், பக்கத்து வரிசை நாற்றைப் புதைத்துவிடும். தண்ணீர் அதிகம் நின்றால் நாற்று மிதக்கும்.

இதையெல்லாம் கையால் செய்து பார்க்க 20 நாளாகும். அந்த 20 நாள் கூலியை யார் தருவது? இன்று உங்கள் வயல், நாளை அடுத்த வயல் என்று போகிறவருக்கு எந்த நிலக்காரரும் செலவழித்துக் கற்றுத்தர மாட்டார். கற்றவர் வேறு வயலுக்குப் போனால் போட்ட பணம் போனதுதான். நிலக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. அதனால்தான் இதற்கு அரசு முதலீடு தேவை. 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' என்ற அரசுத் திறன் பயிற்சித் திட்டம் மாணவர்களை மனதில் வைத்தது. வயலில் நிற்கும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு வேறு வழி வேண்டும்.

காலமும் முக்கியம். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்த பிறகு யாருக்கும் நேரமிருக்காது. பயிற்சியை வைகாசியில் பம்புசெட் உள்ள வயலில் நாற்றங்காலோடு தொடங்கட்டும். தினக்கூலியைப் பயிற்சியிலேயே கொடுக்கட்டும்.

நட்ட வயலில் குத்து (ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக் கொத்து) எண்ணிய பிறகு சான்றிதழைத் தரச் சொல்லுங்கள். வரிசைக்கு 30 செ.மீ., குத்துக்கு 14 செ.மீ. என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 24 குத்து வரும். குறைந்தால், விதைப்பில் பிசகா, சேற்றிலா என்று அவர்களே சொல்லட்டும்.