கேள்வி – பதில்: உங்கள் மணிக்கட்டில் ஒரு பட்டாணி

(பதிலளிப்பவர்: 31 ஆண்டுகள் உடற்கூறியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை)

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்திருக்கிறேன். உடற்கூறியல் பெயர்கள் மனத்தில் நிற்கவே இல்லை. இரவு இரண்டு மணிவரை உருப்போட்டும் முதல் உள்தேர்வில் தோற்றுவிட்டேன். தமிழில் படித்ததுதான் குறையா?
– முதலாமாண்டு மாணவி, தருமபுரி

பதில்: இல்லை, மகளே. அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை லத்தீனும் கிரேக்கமும். ஆங்கிலவழியில் படித்த உன் தோழிக்கும் அவை புதியவைதான். தமிழ் இந்தப் பாடத்துக்கு ஆகாது என்று யார் சொன்னாலும் நம்பாதே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்.

உருப்போடுவதை நிறுத்து. இடது உள்ளங்கையை மேல்நோக்கி வை. சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டு மடிப்பை ஒட்டி உருண்டையாக ஓர் எலும்பு தட்டுப்படும். கையைத் தளர்த்தி, மணிக்கட்டைச் சற்று மடக்கினால் அது லேசாக அசையும். அதுதான் பிசிஃபார்ம், பட்டாணி வடிவம் என்று பொருள். அந்த வரிசையிலேயே இருக்கும் லூனேட் பிறைநிலா, ஸ்கஃபாய்டு படகு. மணிக்கட்டில் மொத்தம் 8 எலும்புகள். எட்டையும் பெயருக்குப் பொருள் கேட்டு, வரைந்து, உன் கையிலேயே இடம் தேடிப் படி. முழங்கையின் உட்புறம் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுரீரென்று ஓடுகிறதே, அது அல்நார் நரம்பு. எலும்பை ஒட்டி, தோலுக்கு அடியிலேயே போகிறது.

இன்னொன்று. பிட்டத்தில் ஊசி போடும்போது அதை நான்காகப் பிரித்து, அந்த நான்கில் மேற்புறமும் வெளிப்புறமுமான பகுதியில்தான் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். உடலிலேயே தடித்த நரம்பான சயாட்டிக், அதற்குக் கீழே உட்புறமாகத்தான் காலுக்கு இறங்குகிறது. ஊசி இடம் தவறி நரம்பில் பட்டால் நோயாளியின் பாதம் தொங்கிப்போகலாம். அந்த ஒரு படத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வரைய வரும்வரை விடாதே.

கேள்வி: சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகட்டுவதாகப் புத்தகத்தில் இருக்கிறது. வெளியேறும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர். அச்சுப்பிழையா?
– பி.ஃபார்ம் மாணவர், சிவகாசி

பதில்: பிழையில்லை. நம் உடலில் பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி, சுமார் 3 லிட்டர்தான். அதே பிளாஸ்மா ஒரு நாளில் 60 முறை வடிகட்டிக்குள் போய்வருகிறது. வடிந்ததில் 99 விழுக்காட்டை சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகான நெஃப்ரானின் நுண்குழல்கள் இரத்தத்துக்கே திருப்பிவிடுகின்றன. இப்படிக் கணக்குப் பார்த்துச் சந்தேகப்படுகிற உங்களுக்கு உடலியங்கியல் நன்றாக வரும்.

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். முதலாமாண்டு. உடலை அறுத்துப் பார்க்கும் வகுப்பு தொடங்கியதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. படிப்பை விட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், விழுப்புரம்

பதில்: அவளை அதட்டாதீர்கள், அம்மா. உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தின் நெடியில் கண் எரியும். கையை எத்தனை முறை கழுவினாலும் சோற்றில் அந்த வாடை இருப்பதுபோலவே தோன்றும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இது தணிந்துவிடும். தணியாவிட்டால் அவளுடைய ஆசிரியையிடம் தயங்காமல் பேசச் சொல்லுங்கள்.

நான் மாணவியாக இருந்தபோது எங்கள் மேசையில் கிடந்தவர் ஒரு மூதாட்டி. முதல் நாள் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் கையை அறுக்க வேண்டியிருந்தது. உள்ளங்கையை விரித்தால், அரிவாள் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன தோல். என் ஆத்தாவின் கையும் அப்படித்தான் இருக்கும். கத்தியை எடுக்குமுன் அந்தக் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.