வெயிலில் வீடு சேர்தல்: சைக்கிள் கேள்வி-பதில்

மார்ச்சில் ஜொகூர் பாருவிலிருந்து சுங்கை சிப்புட்டில் உள்ள வீட்டுக்குத் தனியாகச் சைக்கிளில் வரப்போகிறேன். கடைசி இரவு தாப்பாவில். மறுநாள் ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தானே, பசியாறிவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பலாமா?

கூடாது. மணிக்கு 20 கிலோமீட்டர் என்றாலும் நாலரை மணி நேரம்; நிறுத்தங்களையும் சேர்த்தால் உச்சி வெயிலில் ஈப்போ சிக்னல்களில் நிற்பீர்கள். நிற்பதுதான் சிக்கல். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை எளிதில் காயாது. ஓடும்போது அடிக்கும் காற்றுதான் ஓரளவு காயவைக்கிறது. சைக்கிள் நின்றதும் அதுவும் போய்விடும். பல நாள் ஓட்டத்தில் உடம்பில் நீரும் உப்பும் ஏற்கெனவே குறைந்திருக்கும்.

ஐந்தே முக்காலுக்குப் புறப்படுங்கள். மார்ச்சில் ஏழேகாலுக்கு மேல்தான் சூரியன் வரும். அதுவரை பின்விளக்கும் ஒளி திருப்பும் மேலங்கியும் கட்டாயம். அந்நேரத்திலும் லோரிகள் ஓடும். கம்பாரில் பசியாறுங்கள். பதினொன்றரைக்குள் வீடு வந்துவிடலாம். பால்மரம் (ரப்பர்) இலை உதிர்க்கும் பருவம் அது, செம்பனை நிழலோ சாலைக்கு எட்டாது. ஆகவே வழியில் நிழலை நம்பாதீர்கள்.

குடிப்பது மணிக்கு 500 முதல் 750 மில்லி. அத்தனையும் வெறுந்தண்ணீராக இருந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, குமட்டல் வரும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் குடிப்பவர்கள் உண்டு, நிலைமை மோசமாகும். இரண்டு போத்தலில் ஒன்றில் மருந்தகத்து ஓ.ஆர்.எஸ். தூளை (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைக் கலவை) பொட்டலத்தில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து வையுங்கள். தூள் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. 100 பிளஸ் பானம் கெடுதல் இல்லை, ஆனால் அதில் உப்பு ஓ.ஆர்.எஸ்.ஸை விடக் குறைவு.

தொடர்ந்து மூன்று நாள் 37 டிகிரியைத் தாண்டினால் வானிலைத் துறை இரண்டாம் நிலை வெப்ப எச்சரிக்கை விடும். அப்படி விட்டிருந்தால் தாப்பாவிலேயே இன்னொரு நாள் இருங்கள். வீடு ஓடிப்போகாது.

நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் போகிறதே, ஓரமாக நாங்களும் போகலாமா?

போகக்கூடாது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. முதலாம் கூட்டரசுச் சாலைதான் உங்கள் வழி.

தம்பி இப்படி ஒரு பயணம் முடித்து வீட்டு வாசலில் இறங்கியதும் மயங்கிச் சரிந்தான். வெயில் அடித்துவிட்டதா? (ஓர் அக்காள்)

இறங்கியதும் சரிந்து, படுக்கவைத்த ஓரிரு நிமிடத்தில் தெளிந்து, கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னாரா? பெரும்பாலும் அது வெப்ப மயக்கம். மிதிக்கும்வரை கால் தசை இரத்தத்தை மேலே தள்ளும். சட்டென்று நின்றால் இரத்தம் காலிலேயே தங்கிவிடும். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் போதும். அடுத்த முறை கடைசிப் பத்து நிமிடம் லேசான கியரில் மிதித்து வரச் சொல்லுங்கள். மாலை போட்டு வெயிலில் நிற்கவைத்துப் படம் எடுப்பதை உள்ளே போய் வைத்துக்கொள்ளலாம்.

பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பத் தாக்கு. தோல் வறண்டிருக்க வேண்டும் என்பதில்லை, வியர்த்துக்கொண்டே இருக்கலாம். 999க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றிக்கொண்டே மின்விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பனடோல் (காய்ச்சல் மாத்திரை) இந்தச் சூட்டைக் குறைக்காது.

பயணம் முடிந்த ஓரிரு நாளில் சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். உடல்வலிக்கு ஐபுபுரொஃபென் போடும் பழக்கம் இந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி.

தோட்டத்துச் செம்மண் சாலையில் டியூப்பை ஒட்ட ஒட்டக் காற்று இறங்குகிறது. வந்ததும் சைக்கிளுக்கு வேறு என்ன செய்யவேண்டும்?

செம்பனை மட்டை முள்ளின் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும், வெளியில் தெரியாது. டியூப் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, டயரில் அதே இடத்தைப் பாருங்கள். விரலால் தடவாமல் பஞ்சால் தடவுங்கள். முள் இருந்தால் பஞ்சு சிக்கும். குறட்டால் பிடுங்கிய பிறகு ஒட்டுங்கள்.

மழைநீரை விட வியர்வை உப்பு சைக்கிளை அதிகம் அரிக்கும். வந்த அன்றே ஹேண்டில், ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம் போல்ட், அதன் கீழுள்ள திருப்பு பேரிங்கின் (ஹெட்செட்) மேல்மூடி எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். மோட்டார் கழுவும் அழுத்தக் குழாய் வேண்டாம், பேரிங்குக்குள் தண்ணீர் ஏறிவிடும். ஹேண்டில் டேப்பை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்து குழி விழுந்திருந்தால் ஹேண்டிலை மாற்றிவிடுவதே நல்லது. உடைந்தால் முன்னெச்சரிக்கை இல்லாமல் உடையும்.

செயின் கண்ணிகளை இணைக்கும் ஓர் ஊசியின் நடுவில் அளவுகோலின் சுழியத்தை வையுங்கள். 12 அங்குலக் கோட்டில் இன்னோர் ஊசியின் நடு வரவேண்டும். 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் புதுச் செயின்; 1/8 அங்குலம் என்றால் பின்பற்சக்கரத்தையும் சேர்த்து மாற்றவேண்டியிருக்கும்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துக் கிடக்கின்றன.

உள்ளங்கை ஓரத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறது. சரியாகச் சில வாரம்கூட ஆகலாம், அதுவரை ஓட்டாதீர்கள். பிடியில் வலு குறைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மறுபடி ஏறும்முன் சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் உடல் முன்னே சறுக்கி, பாரம் முழுவதும் கையில் விழும்.