இரக்கத்தை எழுதுதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருமுனை ஏ.டி.எம்.மில் இரவுக் காவலுக்கு இருக்கும் பெரியவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அலுவலக ஆண்டு மலரில் வந்தது. படித்தவர்கள் எல்லோரும் 'உருக்கமாக இருக்கிறது' என்றார்கள். ஒருவர்கூட அவரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது. தொடக்கம் இது: "குளிரில் நடுங்கியபடி, கண்களில் ஆயிரம் சோகங்களைத் தேக்கி அமர்ந்திருந்த அந்த முதியவரைக் கண்டதும் என் நெஞ்சு உடைந்தது. மனிதம் எங்கே போனது?"

எழுதுகிறவன் முந்திக்கொண்டு அழுதுவிட்டால் வாசகனுக்கு வேலை இல்லாமல் போய்விடும் என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். அப்படியானால் வள்ளலார் 'வாடினேன்' என்று பாடியது ஏன் இன்றும் நம்மைத் தொடுகிறது? இவ்வகைக் கட்டுரைகளுக்கென்று உத்திகள் உண்டா?

ச.

பி.கு.: யாராவது பணம் எடுக்க வந்தால் அந்தப் பெரியவர் எழுந்து, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். ரகசிய எண்ணைப் பார்த்துவிட்டார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம். கட்டுரைக்குத் தொடர்பில்லை என்று இதைச் சேர்க்கவில்லை.

அன்புள்ள ச.,

உங்கள் கட்டுரை பின்குறிப்பில்தான் இருக்கிறது. மலரில் வந்ததை இனி மறந்துவிடலாம்.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் காவல்துறை அதிகாரியாக இருந்தவர். அங்கே ஒரு கைதி தூக்கிலிடப்பட்டதைப் பற்றி 1931இல் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். கைதியின் பெயர் அதில் இல்லை. அவன் செய்த குற்றம் என்ன என்பதும் இல்லை. இந்து, மெலிந்த உடல், மழித்த தலை, உடம்புக்குப் பொருந்தாத பெரிய மீசை. மழைக்காலக் காலை. இரண்டு பக்கமும் வார்டர்கள் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறார்கள். தூக்குமேடைக்கு இன்னும் நாற்பது கஜம்கூட இல்லை. வழியில் மழைநீர் தேங்கிக் கிடக்கிறது. கால் நனையாதிருக்க அந்த மனிதன் சற்றே விலகி அடி வைக்கிறான்.

சில நிமிடங்களில் சாகப்போகிறவனுக்குக் கால் நனைந்தால் என்ன? அந்தக் கேள்வி நம் மனத்தில் எழும்போதே அவன் நம்மில் ஒருவனாகிவிடுகிறான். அவன் கதறியிருந்தால் நாம் பரிதாபப்பட்டிருப்போம், பக்கத்தைத் திருப்பியிருப்போம். அடுத்த பத்தியில் ஆர்வெல் தான் உணர்ந்ததை விளக்குகிறார். அந்த விளக்கம் கொஞ்சம் நீளம் என்பது என் கருத்து. தேங்கிய நீரே போதும்.

உங்கள் பெரியவர் திரும்பி நிற்பதும் அந்த வகைதான். அவரைச் சந்தேகிக்க இடமிருக்கிறது என்பதை அவரே அறிந்து, யாரும் சொல்லாமலே அதற்கு ஒரு வழி செய்துகொண்டிருக்கிறார். தன் மானத்துக்குத் தானே காவல் நிற்கும் ஒருவரை நீங்கள் 'ஆயிரம் சோகங்கள்' என்று எழுதியபோது, அவர் செய்துகொண்டிருந்த ஒரே காரியத்தை அவரிடமிருந்து பறித்துவிட்டீர்கள். துன்பப்படுகிறவர் எப்போதும் ஏதோ ஒன்று செய்துகொண்டிருக்கிறார். அதைப் பிடிப்பதுதான் உத்தி என்றால் உத்தி.

நம் பழைய கவிஞர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. புறநானூற்றின் 160ஆம் பாட்டில் புலவர் பெருஞ்சித்திரனார் வள்ளல் குமணனிடம் தன் வீட்டுப் பசியைச் சொல்கிறார். தாயின் மார்பில் பால் இல்லை. குழந்தை கூழும் சோறும் தேடி, உள்ளே ஒன்றுமில்லாத பானைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழுகிறது. தாய் புலி வருகிறது என்று பயமுறுத்துகிறாள், நிலாவைக் காட்டுகிறாள், எதற்கும் அடங்கவில்லை. கடைசியில், 'உன் அப்பாமேல் எப்படிக் கோபித்துக்கொள்வாய், அந்த முகத்தைக் காட்டு' என்கிறாள். அந்த அப்பாதான் பாடுகிறவர். பரிசில் கேட்டு வந்த பாட்டு, ஆகவே இதைத் தூய கருணை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குற்றவாளியின் இடத்தில் தன்னையே நிறுத்திக்கொண்டு கேட்கிறார் பாருங்கள். ஆர்வெலும் அதைத்தான் செய்கிறார். தூக்கிலிட வந்தவர்களில் அவரும் ஒருவர். எல்லாம் முடிந்தபின் சிறைக் கண்காணிப்பாளரின் விஸ்கியைக் குடித்துச் சிரித்தவர்களிலும் ஒருவர். உங்கள் கட்டுரையில் நெஞ்சு உடைந்த 'நான்' எங்கே நின்றார்? அன்று எவ்வளவு பணம் எடுத்தார்? பெரியவரிடம் ஒரு வார்த்தை பேசினாரா? அதையெல்லாம் விட்டுவிட்டு 'மனிதம் எங்கே போனது' என்று ஊரைக் கேட்டால், ஊர் 'உருக்கம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். 

வள்ளலாருக்கு வருகிறேன். 'வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்' என்ற முதல் வரியோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறோம். மேடைப் பேச்சாளர்கள் அதைத் தேய்த்தே விட்டார்கள். நான்கு வரிகளையும் படியுங்கள்:

வாடிய பயிரைக் கண்டபோ தெல்லாம்
வாடினேன் பசியினால் இளைத்தே
வீடுதோ றிரந்தும் பசியறா தயர்ந்த
வெற்றரைக் கண்டுளம் பதைத்தேன்
நீடிய பிணியால் வருந்துகின் றோர்என்
நேருறக் கண்டுளந் துடித்தேன்
ஈடின்மா னிகளாய் ஏழைக ளாய்நெஞ்
சிளைத்தவர் தமைக்கண்டே இளைத்தேன்

(அச்சில் எட்டாக மடங்கியிருக்கிறது, வரி நான்குதான்.) வாடினேன், பதைத்தேன், துடித்தேன், இளைத்தேன் என்று நான்கு முறை தன்னைச் சொல்கிறார். நான்கு முறையும் அதற்கு முன்னால் 'கண்டு' வந்துவிடுகிறது. பார்த்த பிறகே கலங்குகிறார். யாரைப் பார்த்தார் என்பதும் வெவ்வேறாக இருக்கிறது. இரண்டாம் வரியில் வருகிறவர் ஏற்கெனவே வீடு வீடாகக் கேட்டு முடித்து, பசி தீராமல் அயர்ந்தவர். 'வீடுதோறு' என்ற சொல்லில் உங்கள் வீடும் என் வீடும் சேர்த்தி. விரல் நீட்டாமலே நம்மைக் குற்றக்கூண்டில் ஏற்றிவிட்டார். 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டியவர் என்பதையும் மறக்க வேண்டாம். அவர் 'பதைத்தேன்' என்றால் நாம் நம்புகிறோம். நானோ நீங்களோ அதே சொல்லைப் போட்டால் வாசகர் ஆதாரம் கேட்பார்.

இன்னொன்று, எண்களைக் கண்டு பயப்படாதீர்கள். புள்ளிவிவரம் நெகிழ்ச்சியைக் கெடுக்கும் என்று எழுத்துப் பட்டறைகளில் சொல்கிறார்கள். தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877இன் தொடக்கத்தில், நிவாரண வேலையில் மண் சுமந்த ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க ஆங்கில அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அந்த அளவில் உழைக்கும் உடம்பு நிற்காது என்று கணக்குக் காட்டி எழுதினார். சில மாதங்களில் அளவு உயர்ந்தது. இரக்கத்தின் பெயரால் அப்போது எழுதப்பட்ட பல பக்கங்களைவிட அந்தக் கணக்குக்குப் பலன் இருந்தது என்று நினைக்கிறேன்.

ஆகவே பெரியவரிடம் போய் உட்காருங்கள். எத்தனை மணி நேர வேலை, சம்பளம் வங்கி தருகிறதா ஒப்பந்தக்காரர் தருகிறாரா, கையில் எவ்வளவு வருகிறது, சீருடைக்குப் பிடித்தம் உண்டா, இரவில் கழிப்பறைக்கு எங்கே போகிறார் என்று கேளுங்கள். அவர் சொல்ல விரும்பாததை வற்புறுத்த வேண்டாம். ஒருவேளை அவர் நகைச்சுவையாகப் பேசுகிறவராக இருக்கலாம், மருமகளைத் திட்டுகிறவராகவும் இருக்கலாம். அதையும் எழுதுங்கள். பெயரடைகள் தானாக உதிரும். 'ததும்பும்', 'தேக்கிய' போன்றவை மிஞ்சினால் நீங்களே கிள்ளி எறியுங்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன் அவரிடம் படித்துக் காட்டுங்கள். வங்கியின் பெயர், தெருவின் பெயர், அவர் பெயர் மூன்றையும் எடுத்துவிடுங்கள். மேலாளர் யாராவது படித்துவிட்டு, 'காவலாளி ஏன் வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்' என்று விளக்கம் கேட்டு ஓலை அனுப்பக் கூடும்.