இரண்டாம் உலகப் போரில் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசிய ஜெர்மனியின் ஸ்டூக்கா விமானம், அஞ்சப்பட்ட அளவுக்கு வலிமையானதுதானா?

எதிரியின் சண்டை விமானங்கள் இல்லாத வானத்தில் மட்டும் அது வலிமையானது என்பதே என் பதில்.

யுங்கர்ஸ் நிறுவனத்துக்காக ஹெர்மன் போல்மன் வடிவமைத்த, ஸ்டூக்கா என்று அறியப்பட்ட ஜு 87 விமானத்தின் முதல் மாதிரி 1935 செப்டம்பரில் பறந்தபோது அதில் இருந்தது பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின் என்பது வேடிக்கைதான். 1936 ஜூனில் ஜெர்மன் விமான அமைச்சகத்தின் தொழில்நுட்பத் துறையில் இருந்த வொல்ஃப்ராம் ஃபொன் ரிக்தோஃபென் இத்திட்டத்தைக் கைவிடச் சொன்னார். அத்துறையின் தலைமைக்கு வந்த எர்ன்ஸ்ட் ஊடெட் அதைக் காப்பாற்றினார். பின்னாளில் இதே ஸ்டூக்காக்களைப் பெருமளவில் ஏவிப் பெயர் வாங்கியவரும் அந்த ரிக்தோஃபென்தான்.

அதன் சிறப்பு துல்லியம். விமானி காலடியில் இருந்த கண்ணாடிச் சன்னல் வழியே இலக்கைக் கண்டதும், இறக்கைக்குக் கீழிருந்த வேகத்தடைகளை விரித்து, விமானத்தைக் கவிழ்த்து ஏறக்குறைய செங்குத்தாகப் பாய்வார். பக்கக் கண்ணாடியில் வரைந்திருந்த கோடுகளை அடிவானத்தோடு பொருத்திப் பார்த்துப் பாய்ச்சலின் கோணத்தை அறிந்துகொள்வார். வயிற்றுப் பகுதியில் தொங்கிய குண்டு முன்சுழலியில் பட்டுவிடாதபடி ஒரு கவை அதை வெளியே தள்ளி விடுவிக்கும். பிறகு விமானம் மேலெழும்பும்போது உடல் எடை பல மடங்காகி விமானி சில நொடிகள் நினைவிழக்கக்கூடும் என்பதால், விமானத்தை மேலே இழுக்கத் தானியங்கி அமைப்பு ஒன்றும் இருந்தது. ஆனால் 1939 ஆகஸ்ட் 15 அன்று அன்றைய ஜெர்மனியின் நொய்ஹாமரில் நடந்த ஒத்திகையில், தரையை மூடியிருந்த மூடுபனிக்குள் பாய்ந்த 13 விமானங்கள் நொறுங்கி 26 பேர் இறந்தனர்.

சக்கரக் கால்களில் பொருத்திய சைரன் எழுப்பிய ஊளை பலரும் அறிந்ததே; அது விமானத்தின் வேகத்தைக் குறைத்ததால் பின்னர் பலவற்றிலிருந்து கழற்றப்பட்டது. 1940 மே 13 அன்று பிரான்சின் செடானில் இடைவிடாது நடந்த தாக்குதலில் அழிந்த பிரெஞ்சுப் பீரங்கிகளைவிட, பதுங்குகுழியை விட்டு வெளியே வர அஞ்சிய பீரங்கி வீரர்களே அதிகம். என் கணிப்பில் ஸ்டூக்காவின் புகழில் பாதி அந்த அச்சத்தால் விளைந்தது.

மணிக்கு 390 கி.மீ. அளவிலேயே பறக்கக்கூடிய, பின்புறம் ஒற்றை இயந்திரத் துப்பாக்கி மட்டுமே கொண்ட இவ்விமானம், பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் சண்டை விமானங்களின் முன் நிற்க முடியவில்லை. 1940 ஆகஸ்ட் 18 அன்று தென் இங்கிலாந்தில் ஒரே படைப்பிரிவு பதினைந்துக்கும் மேற்பட்ட ஸ்டூக்காக்களை இழந்தது. அதன்பின் அவை அந்தப் போர்முனையிலிருந்து பெரும்பாலும் விலக்கப்பட்டன. சோவியத் முனையில் அவற்றின் பணி தொடர்ந்தது. இறக்கைகளின் கீழ் இரண்டு 37 மி.மீ. பீரங்கிகளைத் தாங்கிய பிற்கால வகை அங்கே டாங்கிகளை வேட்டையாடியது. ஆனால் அந்தப் பீரங்கிகளின் எடையால் அது முன்பைவிட மந்தமானது. 1944-இல் ஸ்டூக்கா உற்பத்தி நிறுத்தப்பட்டது.