தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் இருக்கும் பீரங்கியைத் தேடி ஆர்வலர்கள் வருகிறார்களே, அதில் என்ன சிறப்பு?

அது வார்த்த பீரங்கி அல்ல, அடித்துச் செய்த பீரங்கி! தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில், 1620 வாக்கில் உருவானது. அவ்வளவு இரும்பை உருக்கி வார்க்க அன்று இங்கு வழியில்லை. அதனால் கொல்லர்கள் 43 நீண்ட இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, பழுக்கக் காய்ச்சிய வளையங்களை மேலே வரிசையாக மாட்டி, அடித்துப் பற்றவைத்தார்கள். ஆறும்போது வளையம் சுருங்கி உள்ளே இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்பு வளையம் மாட்டுகிறார்களே, அதே நுட்பம்தான். ஆனால் இதன் நீளம் சுமார் 25 அடி, எடை ஏறத்தாழ 22 டன்!

போனால் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். வளையங்கள் சேரும் வரிகள் கண்ணுக்குத் தெரியும். நானூறு ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் கிடந்தும் துரு அதைத் தின்றுவிடவில்லை.