ஆக்ஸிமீட்டர் 89 காட்டினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. பல வருடங்களாக சிஓபிடி நுரையீரல் நோய் இருக்கிறது. நான்கு நாட்களாகச் சளி, இருமல். விரலில் மாட்டி ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் சதவீதத்தைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரில் ஒருமுறை 93, சற்று நேரத்தில் 89, அப்புறம் 94 என்று மாறி மாறிக் காட்டுகிறது. எந்த அளவுக்குக் கீழே போனால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

பதில்: சளி பிடிப்பதற்கு முன்பு, நன்றாக இருந்த நாட்களில் அப்பாவுக்கு எவ்வளவு காட்டும்? பதிலில் பாதி அதில் இருக்கிறது. நுரையீரல் நோய் இல்லாதவர்களுக்குப் பொதுவாக 95-க்கு மேல் இருக்கும். சிஓபிடி முற்றியவர்களில் சிலருக்கு 90-ஐ ஒட்டிய அளவே வழக்கமாக இருக்கும். அவருடைய வழக்கமான அளவை விட 3, 4 புள்ளி குறைந்து அப்படியே நின்றால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். 88-க்குக் கீழே நின்றால் காத்திருக்க வேண்டாம், உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். (நுரையீரல் நோய் இல்லாதவருக்கு 92-க்குக் கீழே போனாலே அவசரம்தான்.)

89-ஐயும் 94-ஐயும் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். கருவி விரலுக்குள் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கணக்கிடுகிறது. விரல் சில்லென்று இருந்தாலோ, அசைந்தாலோ, நகத்தில் பூச்சு இருந்தாலோ கணக்கு தவறும். கருமையான தோலில் உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. அதனால் அப்பாவை ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையைச் சூடாகத் தேய்த்து, நடுவிரலில் மாட்டி, ஒரு நிமிடம் பொறுத்து நிலையாக நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு நாளில் மூன்று முறை போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் அவருக்கும் பயம், உங்களுக்கும் பயம்.

அடுத்து, கருவியை விட்டுவிட்டு அவரைப் பாருங்கள். மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். ஓய்வில் 12 முதல் 20 வரை இயல்பு, 25-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்ல முடியவில்லை, உதடு நீலமாகிறது, நெஞ்சு வலிக்கிறது, பேச்சில் குழப்பம் அல்லது வழக்கமில்லாத தூக்கக் கலக்கம் இருக்கிறது என்றால், கருவி 95 காட்டினாலும் கிளம்பிவிடுங்கள். ரத்தத்தில் கரியமில வாயு சேர்வதை ஆக்ஸிமீட்டர் காட்டாது. அது சேர்வதால் வரும் தூக்கக் கலக்கம் சிஓபிடி உள்ளவருக்கு ஆபத்தானது. வீட்டில் ஆக்ஸிஜன் கருவி இருந்தால், எண்ணை 98-க்கு உயர்த்த வேண்டும் என்று நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். அதனாலேயே கரியமில வாயு இன்னும் கூடலாம். இந்த நோயில் ஆக்ஸிஜன் கொடுக்கும்போது 88 முதல் 92 வரை வைத்திருப்பதையே பெரும்பாலும் இலக்காகக் கொள்கிறோம்.

சளியின் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருக்கிறதா, மூச்சிரைப்பு கூடியிருக்கிறதா என்றும் கேளுங்கள். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும், ஆக்ஸிஜன் அளவு நன்றாக இருந்தாலும், இன்றே அவருடைய மருத்துவரிடம் காட்டுங்கள். குறித்துவைத்த எண்களையும் கையோடு கொண்டுபோங்கள்.